சாவி கேட்காத அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை கல்லூரியில் முதல் வகுப்பில் புது மார்க்கர் ஒன்றின் மூடியைத் திறந்தேன். அந்தக் காட்டமான வாடை மூக்கில் ஏறியதும் பாடம் மறந்துவிட்டது. பிள்ளைகள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். நானோ பலகையைப் பார்த்தபடி மரம் மாதிரி நிற்கிறேன். "சார், கரண்ட் போயிடுச்சா சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. சிரித்துச் சமாளித்துவிட்டுப் பாடத்தை எடுத்தேன். ஆனால் மயிலத்திலிருந்து பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்து சேரும்வரை அந்த வாடை கூடவே வந்தது.

உங்கள் கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, மார்க்கர் இருக்கும். எங்கே வெள்ளையாக ஒரு பரப்பைப் பார்த்தாலும் கை துறுதுறுக்கும். விழுப்புரம் ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில், மாடி டியூஷன் சென்டரில் நாங்கள் கூடும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நீங்கள் முதன்முதலாக வந்தபோதும் அப்படித்தான். யாரும் கேட்காமலே எழுந்துபோய்ப் பலகையில் கட்டம் கட்டமாக வரைந்தீர்கள். அம்புக்குறி போட்டீர்கள். உச்சியில் ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினீர்கள்.

"இங்க யாரு யாருக்கு ரிப்போர்ட் பண்றீங்க?"

நாங்கள் நாலைந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"யாரும் யாருக்கும் பண்றதில்லக்கா" என்றேன்.

"அப்ப வேலை எப்படிப்பா நடக்குது?"

"சில நேரம் நடக்கும். சில நேரம் நடக்காது."

நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. பெற்றவர்கள் சரியாக வளர்க்கவில்லை போலிருக்கிறது என்கிற பரிதாபம்.

உங்கள் மேல் தப்பில்லை. நாங்கள் செய்துகொண்டிருந்த காரியம் வெளியிலிருந்து பார்த்தால் பைத்தியக்காரத்தனம்தான். கண் தெரியாதவர்களுக்குத் தமிழை வாய்விட்டுப் படித்துக்காட்டும் மென்பொருள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம். செய்கிற யாருக்கும் சம்பளம் கிடையாது. மணிமாறன் கோயம்புத்தூரில் இருக்கிறார், நந்தினி மதுரையில் கல்லூரிப் படிப்பில் இருக்கிறாள், இன்னும் சிலர் கடல் கடந்து இருக்கிறார்கள். பாதிப் பேரை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. எல்லாப் பேச்சும் மின்னஞ்சல் குழுவில்தான், எல்லோரும் படிக்கிற மாதிரி.

நீங்களோ சென்னையில் பெரிய கம்பெனியில் மேலாளராக இருந்து வந்தவர். வாழ்நாளில் பாதியை அங்கேயே கழித்தவர். ஒருநாள் காலையில் கூப்பிட்டு, உங்கள் வேலை இனித் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். அடையாள அட்டை, லேப்டாப், அலமாரிச் சாவி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வாசல்வரை ஆள் கூட அனுப்பினார்கள். மாமாவுக்கு ரயில்வேயில் விழுப்புரத்தில் வேலை என்பதால் ஊருக்கு வந்துவிட்டீர்கள். இதை நீங்கள் எனக்குச் சொன்னது திண்டிவனம் பிளாட்பாரத்தில், சிரித்துக்கொண்டே.

"டிபன் பாக்ஸு உள்ளயே தங்கிப்போச்சுப்பா. போய் எடுத்துக்கினு வர்றேன்னு சொன்னேன், வுடல. நேத்து வரைக்கும் என் கார்டு காமிச்சா தொறந்த கதவு."

நானும் சிரித்தேன். சிரிக்கிற விஷயமாகத்தான் சொன்னீர்கள் என்று நினைத்தேன்.

வந்த முதல் வாரத்திலேயே ஒரு காரியம் செய்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? குழுவுக்கு ஒரு மடல். நந்தினி இந்த வேலையை வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும், மணிமாறன் திங்கட்கிழமைக்குள், தாமதமானால் முன்கூட்டியே காரணம் தெரிவிக்க வேண்டும். எனக்கும் ஒரு வேலை ஒதுக்கியிருந்தீர்கள். படித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் பயந்தேன். பயந்தபடியே ஆயிற்று. குழுவில் ஒரு சத்தம் இல்லை. வெள்ளி போயிற்று, திங்கள் போயிற்று. வழக்கமாக ஏதாவது எழுதிக்கொண்டிருப்பவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். நீங்கள் எனக்கு போன் செய்தீர்கள்.

"இன்னாப்பா, ஒருத்தரும் பதில் போடல? எல்லாரும் லீவா?"

"லீவு இல்லக்கா. கோவம்."

"நான் இன்னா திட்டினேனா? வேலை பிரிச்சுக் குடுத்தேன். அது ஒரு தப்பா?"

"அவங்க கேக்கலியே."

 பிறகு, "சம்பளமும் இல்ல, சொன்னாலும் கேக்க மாட்டாங்க. நல்ல பேஜாரு புடிச்ச எடம்ப்பா இது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். இனி வரமாட்டீர்கள் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தீர்கள். பலகையில் கட்டம் இல்லை.

உங்களைப் போல மாறியவரை நான் பார்த்ததில்லை அக்கா. அது சுலபமாக நடக்கவில்லை, அதையும் பார்த்தேன். நீங்களே உட்கார்ந்து எழுதி அனுப்பிய முதல் திருத்தத்தை நந்தினி திருப்பி அனுப்பினாள். என்னென்ன சரியில்லை என்று வரிவரியாக, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதியிருந்தாள். உங்கள் மகளைவிடச் சின்னவள். அன்று சாயங்காலப் பாசஞ்சரில் ஏறி நேராகத் திண்டிவனம் வந்துவிட்டீர்கள், என்னோடு சண்டை போட.

"நல்ல சேதிய நாலு பேரு எதிர்ல சொல்லு, கெட்ட சேதிய கதவ சாத்திக்கினு சொல்லு. இத்தினி வருஷமா இதத்தான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன். எனக்கு ஊரக் கூட்டி சொல்றா அந்தப் பொண்ணு!"

பஸ் ஸ்டாண்டு எதிரில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, என் பழைய திருத்தங்களை போனில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். எத்தனை முறை எனக்குத் திரும்பி வந்திருக்கிறது, மணிமாறன் எவ்வளவு கறாராக எழுதியிருக்கிறார், எல்லாம் அப்படியே இருந்தது. இங்கே சாத்துவதற்குக் கதவே கிடையாதக்கா, திட்டும் வெளியேதான், பாராட்டும் வெளியேதான் என்றேன். டீ ஆறிப்போகும்வரை படித்தீர்கள். என்னைத் திட்டியிருந்த இடங்களை மட்டும் இரண்டு தடவை படித்துச் சந்தோஷப்பட்டீர்கள். திரும்பும் ரயிலுக்கு நேரமாயிற்று என்று எழுந்தபோது, "அந்தப் பொண்ணு சொன்னது சரிதாம்ப்பா. சொன்ன எடந்தான் சரியில்லன்னு நெனச்சேன்" என்றீர்கள்.

அதன் பிறகு உங்கள் மடல்களின் பேச்சே மாறிப்போயிற்று. 'முடிக்க வேண்டும்' போய், 'யாருக்காவது நேரம் இருந்தால் இதைப் பார்க்க முடியுமா, இல்லாவிட்டால் நானே முட்டிமோதிப் பார்க்கிறேன்' என்று வந்தது. நீங்கள் முட்டிமோதுவதைப் பார்த்து மனம் பொறுக்காமல் நாலு பேர் உதவிக்கு ஓடி வருவார்கள். உங்கள் பழைய மேலாளர் புத்தி முழுக்கப் போய்விடவில்லை, இன்னும் பலே வேலையாக மாறியிருக்கிறது என்று நான் கேலி செய்வேன். "கண்டுக்காத" என்பீர்கள்.

எங்களில் யாருக்கும் தோன்றாத ஒன்றைச் செய்தவரும் நீங்கள்தான். இந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களின் வீட்டுக்கே போய் உட்கார்ந்தீர்கள். கண்டமங்கலம், மயிலம், குயிலாப்பாளையம் என்று பஸ் ஏறிப் போனீர்கள். விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் பார்க்கும் வசந்தா வீட்டுக்கு ஒருமுறை என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. நான் பெருமையோடு எங்கள் குரலை ஓடவிட்டேன். இரண்டு பக்கம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நல்லாத்தான் படிக்குது சார். ஆனா மூச்சே வுடாம படிக்குது. கேக்குற எனக்கு மூச்சு வாங்குது." நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். நீங்கள் என் தொடையைத் தட்டி அடக்கிவிட்டு, "இன்னும் சொல்லும்மா, வேற இன்னா பேஜாரு பண்ணுது?" என்று கேட்டீர்கள். அன்று வசந்தா சொன்னதையெல்லாம் குழுவில் எழுதினீர்கள். அடுத்த வெளியீட்டில் அந்தக் குரல் மூச்சு விட்டுப் படித்தது. வசந்தா உங்களுக்கு போன் செய்து அழுதாராம். நீங்கள் எனக்கு போன் செய்து அழுதீர்கள்.

இவ்வளவு செய்தீர்கள். ஆனால் உங்களிடம் சாவி இல்லை.

சாவி என்று நாங்கள்தான் பேர் வைத்திருந்தோம். யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம் என்றாலும், அதை மென்பொருளுக்குள் சேர்க்கிற உரிமை எங்களில் ஐந்து பேருக்கு மட்டும்தான். நீங்கள் எதைச் செய்து முடித்தாலும் எங்களில் ஒருவர் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் என்னைத்தான் கூப்பிடுவீர்கள். "தம்பி, கொஞ்சம் தொறந்து வுடுப்பா, ஜல்தி." சமையலுக்கு நடுவில், ரயில் சத்தத்துக்கு நடுவில், எத்தனையோ முறை. நானும் எந்த வேலையில் இருந்தாலும் திறந்துவிடுவேன். அதையே ஒரு பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தச் சாவியை யாரும் கேட்டு வாங்குவதில்லை. எழுதிவைத்த விதி இல்லை, பழக்கம். ஏற்கெனவே வைத்திருக்கிற ஒருவர், 'இன்னாருக்குக் கொடுக்கலாம்' என்று குழுவில் முன்மொழிவார். மற்றவர்கள் சரி என்பார்கள். அவ்வளவுதான். கேட்டால் கேவலம் என்று ஒரு நினைப்பு. கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை எதிரே உட்கார்ந்து, நான் இதெல்லாம் செய்தேன், எனக்கு இது வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் நீங்கள். "அழுத புள்ளைக்குத்தான் பாலு" என்று உங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர். இங்கே அழக்கூடாது என்பதையும் கற்றுக்கொண்டீர்கள். எல்லாவற்றையும் கற்றுக்கொண்ட மாதிரி அதையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டீர்கள்.

எனக்கு முன்மொழியத் தோன்றாமல் இல்லை அக்கா. மனசுக்குள் அந்த மடலை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஆனால் நீங்கள் விழுப்புரம், நான் திண்டிவனம். இரண்டு பேரும் டீக்கடையில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டுத்தான் குழுவுக்கு வருகிறோம் என்று ஏற்கெனவே ஒருவர் கிண்டலாக எழுதியிருந்தார். 'விழுப்புரம் கோஷ்டி' என்று பேரும் வைத்தாயிற்று. ஊர்க்காரருக்கு ஊர்க்காரர் கொடுத்தார் என்று உங்களைப் பற்றி ஒரு சொல் வந்துவிடக் கூடாது. கோயம்புத்தூரிலிருந்து மணிமாறன் முன்மொழிந்தால் அதுதான் உங்களுக்கு மரியாதை. அவர் சொல்வார், சொல்லட்டும் என்று இருந்தேன்.

ஒரு ஞாயிறு கூட்டம் முடிந்து, நான் ரயிலுக்கு நிற்கிறேன், நீங்கள் வழியனுப்ப வந்திருக்கிறீர்கள். மல்லாட்டை வாங்கி உரித்துக்கொண்டே, வேறு எங்கோ பார்த்தபடி கேட்டீர்கள்.

"ஏம்ப்பா, இங்க புரொபேஷன் எவ்ளோ நாளு?"

நான் சிரித்துவிட்டேன். "இங்க புரொபேஷனே கிடையாதுக்கா."

நீங்களும் சிரித்தீர்கள். "அதானே" என்றீர்கள். கடலைத் தோலைக் கையில் சேர்த்து வைத்திருந்து, குப்பைத்தொட்டியைத் தேடிப்போய்ப் போட்டுவிட்டு வந்தீர்கள். அதற்குள் ரயில் வந்துவிட்டது. என்ன கேட்டீர்கள் என்பது எனக்குப் புரியவில்லை. அன்று ரயிலில் உட்கார்ந்துகூடப் புரியவில்லை. உங்கள் பழைய கம்பெனிப் பேச்சை வைத்துக் கேலி செய்கிறீர்கள் என்றே நினைத்தேன். எத்தனை பெரிய மடையன் நான்.

மாரடைப்பு என்று மாமா போன் செய்தபோது கல்லூரியில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வரட்டுமா என்று கேட்டேன். "வூட்டுக்கே வாப்பா" என்றார். அப்போதுதான் தெரிந்தது. விழுப்புரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

உங்கள் தெருவில் ஷாமியானா போட்டிருந்தார்கள். வசந்தா வந்திருந்தார், யாரோ கையைப் பிடித்து அழைத்துவந்து உங்கள் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவர் உங்கள் முகத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். நான் வெளியே வந்துவிட்டேன். அங்கே மாமாவின் தம்பி போனில் பிளக்ஸ் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். படம் அனுப்பியாயிற்று, பிறப்பு இறப்பு சொல்லியாயிற்று. பேருக்குக் கீழே என்ன போடுவது என்பதில் நின்றது. மாமா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, பேருக்குக் கீழ ஒண்ணு போடணுமில்ல. கம்பெனிய வுட்டு வந்து இத்தினி நாளா உங்ககூடத்தான் வேலை பண்ணிக்கினு இருந்தா. அங்க அவ இன்னாவா இருந்தா?"

"அங்க பதவியெல்லாம் கிடையாது மாமா."

"ஒண்ணுமே இல்லியா?"

மாமா கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இல்ல, சாவி ஒண்ணு குடுப்பாங்கன்னு சொல்லிக்கினே இருந்தா. எனக்கு அதெல்லாம் புரியாது. கேட்டு வாங்கேன்னு சொன்னா, அங்க கேக்கக் கூடாதுன்னு என்னையே அதட்டுவா. குடுத்தீங்களா தம்பி?"

மாமா குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், கொடுத்திருந்தால் அதையாவது போட்டுவிடலாமே என்று. இல்லை என்று நான் தலையசைத்தேன். பிளக்ஸ் கடைக்காரர் காத்திருக்கிறார் என்று தம்பி அவசரப்படுத்தினார். கடைசியில் அந்தக் கம்பெனியின் பேரைப் போட்டு 'முன்னாள் மேலாளர்' என்று அடித்துவிட்டார்கள். டிபன் பாக்ஸை எடுக்க உள்ளே விடாத கம்பெனியின் பேர் உங்கள் படத்துக்குக் கீழே, தெருமுனையிலிருந்து ஸ்டேஷன்வரை ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நடந்து போனேன்.

காரியம் முடிந்த மறுநாள் மணிமாறன் பேசினார். வெகுநேரம் உங்களைப் பற்றியே பேசிவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேனுங்க. அவங்களுக்கு நீங்க ஏன் முன்மொழியவே இல்லீங்க?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்."

"நானா? நான் நேர்ல பார்த்ததுகூட இல்லீங்களே. பக்கத்திலயே இருக்கிற நீங்க சொல்லலைன்னா, ஏதோ காரணம் இருக்கும்னு நெனைச்சேனுங்க. அதை எப்படிக் கேக்கறதுன்னு விட்டுட்டேன்."

சாவி வைத்திருந்த மற்ற மூன்று பேரும் அதையேதான் நினைத்தார்களாம். உங்கள் பேருக்குப் பழுது வரக்கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததாலேயே உங்களிடம் ஏதோ பழுது இருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். எதையும் மூடி வைக்காத இடம் என்று டீக்கடையில் உட்கார்ந்து உங்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். ஐந்து பேரும் இந்த ஒன்றை மட்டும் மனசுக்குள்ளேயே வைத்திருந்தோம்.

வருத்தம் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டால் தீர்ந்துவிடுமா, தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால், "சரி வுடு, இன்னா இப்ப" என்று சொல்லி முடித்துவிடுவீர்கள். அதுவும் எனக்கு வலிக்கிறது. சுலபமாக மன்னித்துவிடுகிறவர்களிடம்தான் மன்னிப்புக் கேட்க முடியாமல் போகிறது.

உங்கள் வேலைகளை இப்போது ஒருவர் எடுத்துச் செய்கிறார் அக்கா. கண்டமங்கலத்துக்காரர். புதுச்சேரியில் ஒரு தொழிற்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த புதிதில் எல்லோருக்கும் தேதி போட்டு வேலை ஒதுக்கி ஒரு மடல் அனுப்பினார். இந்த முறை குழு வாயை மூடவில்லை. நந்தினிதான் முதலில் பதில் எழுதினாள், அவருக்கு வலிக்காத மாதிரி, எங்களுக்கும் பாடமாகிற மாதிரி. இப்போது அவர் வசந்தா வீட்டுக்கும் மயிலத்துக்கும் நடையாய் நடந்து, கேட்டு வந்து எழுதுகிறார்.

போன வாரம் அவர் பேரை நான் முன்மொழிந்தேன். கண்டமங்கலமும் திண்டிவனமும் ஒரே மாவட்டம்தான். கோஷ்டி என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும் என்று அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாலு பேரும் சரி என்று எழுதிவிட்டார்கள். இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவ்வளவு சின்ன வேலை அது.

உடனே அவர் போன் செய்தார். குரலில் படபடப்பு.

"சார், சாவி குடுத்திருக்காங்கன்னு மெயில் வந்துகீது. நான் கேக்கவே இல்லியே சார். இதுக்கு இன்னா பண்ணணும் நானு?"

"ஒண்ணும் பண்ண வேணாங்க" என்றேன். "நீங்க பண்ணதுக்குத்தான் குடுத்தது. உள்ள வாங்க."

அந்த இரண்டு சொல்லையும் அவரிடம்தான் சொன்னேன் அக்கா. சொல்லி முடித்து போனை வைத்தபிறகுதான், யாருக்காக அதை வைத்திருந்தேன் என்று தெரிந்தது.